முருங்கையில் கட்டியிருந்த கிடாய்

முற்பகல் பதினொன்று நாற்பது. கரவெட்டியில் பெண் வீட்டுப் படலையைத் திறந்தபோது நான் முதலில் கண்டது ஒரு கிடாயை. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, இடது கொம்பின் நுனி சற்று முறிந்திருந்தது. முருங்கை மரத்தில் நீல நைலோன் கயிற்றால் கட்டப்பட்டு, எதையோ மென்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தது. அந்த வீட்டில் என்னை முதலில் மாப்பிள்ளை பார்த்ததும் அதுதான்.

இவ்வளவு விபரமும் நினைவில் இருப்பதற்குக் காரணம் என் தொழில். நான் அப்போது யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியர். எதையும் கண்ணால் கண்டு, சரிபார்த்த பிறகுதான் நம்புவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். (அதில் சொல்லிக்கொண்டு திரிந்த பகுதி மட்டும்தான் உண்மை. மற்றதை அன்று பிற்பகலே ஒரு டொக்டர் முன்னிலையில் இழந்தேன்.)

அந்தச் சம்பந்தத்தில் பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை சைவமாக இருக்க வேண்டும். சம்பளம், காணி, குடிப்பழக்கம் எல்லாவற்றையும் தரகர் தானாக ஒப்புவித்தபோது தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள், மச்சம் மாமிசம் சாப்பிடுவாரா என்பதை மட்டும் திரும்பத் திரும்ப விசாரித்தார்களாம். எங்களுக்கும் அது பொருத்தமாகவே இருந்தது. எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக்கைக்கூட முட்டை விசாரணை நடத்தித்தான் அம்மா வாசற்படி தாண்ட விடுவார்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் குழம்பியிருந்தன. முதலாவதைக் குழப்பியது செவ்வாய்க் கிரகம். இரண்டாவதைக் குழப்பியது நான். பெண்ணின் தகப்பனார் புதிதாகக் கட்டிய வீட்டின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதை நான் வாசலில் நின்றே சுட்டிக்காட்டினேன். உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்த பிறகாவது சொல்லியிருக்கலாம் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவார். ஆகவே இந்த முறை புறப்படும்போது அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இலையிலை என்ன விழுந்தாலும் சரி, நீ வாயைத் திறக்கிறது சாப்பிடுறதுக்கு மட்டும்தான். மிச்சமும் விடக்கூடாது. கேட்டதே?"

நானும் இதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. கௌரியை ஒரேயொரு தரம், கோயில் வீதியில் பார்த்திருந்தேன். கணக்கு ரீச்சர். இரண்டு வீட்டாரும் மழை வருமா வராதா என்று கதைத்துக்கொண்டு நிற்க, அவர் என் பக்கம் திரும்பாமலே மெல்லச் சொன்னார்: "நீங்கள் போட்டு நிக்கிற செருப்பு ரெண்டும் ரெண்டு விதம்." குனிந்து பார்த்தேன். வலதுகால் என்னுடையது. இடதுகால் யாரோ ஒரு பக்தருடையது. எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கலியாணப் பதிவுக்கு, அதாவது எழுத்துக்கு, நாள் வைத்தாயிற்று. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னார்கள். அதை நான் ஆசிரியபீடத்தில் சொன்னபோதுதான் கேடு தொடங்கியது. குற்றச்செய்திப் பக்கம் பார்க்கும் சதா அண்ணை பேனையைக் கீழே வைத்தார். கரவெட்டி இருக்கிற வடமராட்சிதான் அவருக்கும் ஊர். ஆகவே அவர் சொல்வதை நேரில் கண்ட சாட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையோ கூப்பிட்டவை? வெள்ளி எண்டால் நீ தப்பினாய். தரகர் சொல்லுற சைவத்தை எல்லாம் நம்பாதை தம்பி. எங்கடை பக்கம் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு எண்டால் கிடாய் விழும்."

பகிடிக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் எப்போதும் குற்றச்செய்தி முகம். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த முன்னுரையோடுதான் அத்தானின் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து, வல்லைவெளிக் காற்றில் தலைமயிரைப் பறிகொடுத்து, அந்தப் படலையைத் திறந்தேன். திறந்தால், முருங்கையில் கிடாய். (அத்தான் என்றது அக்காவின் கணவர். உரக்கடை வைத்திருப்பவர். சாப்பாட்டைத் தவிர உலகத்தில் எதையும் கவனிக்காத நிம்மதியான மனிதர்.)

வீட்டுக்காரர் எங்களை விறாந்தைக் கதிரைகளில் இருத்தினார். நான் இப்போது மாமா என்று கூப்பிடுபவர். வெங்காயம் பயிரிடுகிறவர், மெதுவாக, தோட்டத்துக்கு நீர் கட்டுவதுபோல, பாத்தி பாத்தியாகக் கதைப்பார். கொண்டுபோன எங்கள் ஞாயிறு இதழை அவர் கையில் கொடுத்தேன். மரியாதையோடு வாங்கி முக்காலியில் வைத்தார். வெங்காய விலை பற்றிக் கதைத்தோம். உள்ளேயிருந்து மாமி கூப்பிட, "இப்ப வாறன்" என்று எழுந்து போனார்.

பத்து நிமிடம் கழித்து முற்றத்தைப் பார்த்தேன். முருங்கையில் கயிறு மட்டும் தொங்கியது.

அதன் பின் நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டின் பின்புறம் கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டது. குசினிக் கூரையில் காகங்கள் வந்து இருந்தன. பெருஞ்சீரகமும் கறுவாவும் வறுபடும் வாசம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த இரண்டும் சேர்ந்து வறுபட்டதே இல்லை. கடைசியாக மாமா வந்தார். வந்தவரின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு. இடுப்புச் சாரத்திலும் இரண்டு சொட்டு. துவாயால் துடைத்துக்கொண்டே, "எல்லாம் முடிஞ்சுது. இனிச் சாப்பிடலாம்" என்றார்.

நீதிமன்றத்தில் இதைவிடக் குறைந்த சாட்சியத்துக்குத் தண்டனை விழுந்ததை நான் செய்தியாகவே எழுதியிருக்கிறேன்.

அத்தானைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த நாட்காட்டியில் விரத நாள்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

வாழையிலை போட்டார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், கடுஞ்சிவப்பில் ஒரு கறி. எல்லாம் வழக்கமானவை. பிறகு மாமி ஒரு மண்சட்டியோடு வந்தார். மற்றக் கறிகளைக் கௌரி பரிமாற, இதை மட்டும் மாமி தன் கையால் போட்டார். மண்ணிறத்தில், எண்ணெய் மினுங்க, பெரிய பெரிய துண்டுகள்.

"இது உங்களுக்கெண்டு விசேஷமாய்ச் செய்தது, தம்பி. வடிவாய்ச் சாப்பிடுங்கோ."

நான் இலையைப் பார்த்தேன். இலையிலிருந்து வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு முகம் என்னைப் பார்த்தது.

சாப்பிடாவிட்டால், விருந்தை அவமதித்த மாப்பிள்ளை. மூன்றாவது சம்பந்தமும் குழம்பும். சாப்பிட்டால், முப்பத்திரண்டு வருடச் சைவம் ஒரு வாயில் போகும். கேட்கலாம் என்றால், வாயைத் திறப்பது எதற்கு மட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். பக்கத்து இலையைப் பார்த்தேன். அத்தான், எங்கள் அம்மாவின் மூத்த மருமகன், அந்தக் கறியில் பாதியை முடித்திருந்தார்.

"அத்தான்…" என்றேன், உதடு அசையாமல்.

"சாப்பிடு. நல்லாய் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டை போய் உன்ரை அக்காவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

ஒரு குடும்பத்தின் ஒழுக்கம் என் கண் முன்னால் குழம்போடு பிசைந்து உண்ணப்பட்டது.

ஒரு துண்டை வாயில் வைத்தேன். கடித்தேன். சந்தேகமே இல்லை. நார் நாராகப் பிரிந்தது. உள்ளேயிருந்து சாறு வந்தது. அந்தச் சாற்றில் ஒரு மிருக வாடை இருந்தது. ஆட்டின் உரோமத்தில் வருமே, அந்த வாடை. இரண்டாவது துண்டில் முருங்கையிலை மணத்தது. அது கடைசியாக மென்றது அதைத்தான். மூன்றாவதிலிருந்து கடிக்கவில்லை. சோற்றில் பொதிந்து, மருந்துக் குளிசை விழுங்குவதுபோல விழுங்கினேன். கௌரி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால், ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒரு சிரிப்பையும் செலவழித்தேன்.

வேகமாக முடித்தால் துன்பம் முடியும் என்று நினைத்தது என் பிழை. மாமி என் இலையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பிள்ளைக்கு நல்லாய்ப் பிடிச்சிட்டுது. இஞ்சை, இன்னும் கொஞ்சம்."

"காணும், போதும் மாமி."

"என்ன காணும்? வெக்கப்படாதையுங்கோ." மூன்று அகப்பை விழுந்தது.

இரண்டாவது சுற்றின் நடுவில் உடம்பு தன் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கியது. முதலில் காது மடல் சுட்டது. பிறகு முதுகு வியர்த்தது. இரண்டு முழங்கைகளும் கடித்தன. சொறிந்து பார்த்தால் தடிப்பு. வயிற்றுக்குள் ஏதோ உதைத்தது. (குளம்பால் உதைத்தது என்று அன்றைக்கு நான் சத்தியம் செய்திருப்பேன்.) கை கழுவ என்று எழுந்து கிணற்றடிக்குப் போனேன். அங்கே கல்லின் மேல் ஒரு பலகையும் கத்தியும் கிடந்தன. இரண்டும் சிவந்திருந்தன.

அடுத்து நான் கண்டது கரவெட்டி வானத்தை.

நெல்லியடியில் ஒரு டொக்டர் ஞாயிறும் ஆள் பார்ப்பார். ஓட்டோவில் எனக்கு ஒரு பக்கம் மாமா, மறு பக்கம் மாமி. வழி நெடுக மாமி என் தலையில் தைலம் தேய்த்தார். பின்னால் கௌரி ஸ்கூட்டியிலும், அவருக்குப் பின்னால் அத்தான் மோட்டார் சைக்கிளிலும். ஒரு சிறிய ஊர்வலம்தான்.

டொக்டர் பெரிய மீசையும் பெரிய உடம்புமாக இருந்தார். நாடி பார்த்தார், அழுத்தம் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"உடம்பிலை ஒண்டையும் காணேல்லை. தடிப்பும் வத்துது. புதுசாய் ஏதும் சாப்பிட்டனீரோ?"

அறைக்குள் எல்லோரும் நின்றார்கள். சொல்லக்கூடாது என்று தெரியும். ஆனால் மருத்துவரிடம் பொய் சொல்லிச் செத்துப் போனால், சதா அண்ணை அதைத் தன் பக்கத்தில் போடுவார் என்பதும் தெரியும்.

"இறைச்சி" என்றேன். "எனக்குப் பழக்கம் இல்லை. சீவியத்திலை இதுதான் முதல் தரம்."

மாமாவின் முகம் மாறியது. "எங்கை சாப்பிட்டனீர்?"

"உங்கடை வீட்டிலை."

மாமா மாமியைத் திரும்பிப் பார்த்தார்.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். "எங்கடை வீட்டிலையோ? தம்பி, அது சோயா மீற். பைக்கற்றிலை வாறது. சுடுதண்ணியிலை ஊறப்போட்டு, பிழிஞ்சு, கறிச்சரக்கு அரைச்சுச் சமைச்சனான்."

சோயா மீற் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். உலகம் முழுவதற்கும் தெரியும். ஆனால் இறைச்சி மாதிரி என்று சொல்லி விற்கிற சாமான் சைவக்காரருக்கு எதற்கு என்பது அம்மாவின் வாதம். அதனால் எங்கள் குசினிக்குள் அது நுழைந்ததே இல்லை. (அத்தான் மட்டும் கடைப் பொடியன்களோடு சேர்ந்து வருடக்கணக்காகக் களவில் சாப்பிட்டு வந்தார் என்பது அந்த அறையில்தான் வெளிவந்தது.)

"அப்ப, கிடாய்?" என்றேன்.

"எந்தக் கிடாய்? ராசனோ?" என்றார் மாமா. "அவனை அடுத்த வளவிலை கட்டியிருக்கிறன். போன மாசம் வீட்டை வந்த ஐயரின்ரை சால்வையைத் திண்டவன். மாப்பிள்ளை வாற நேரம் ஏன் கரைச்சல் எண்டுதான்."

"உங்கடை கையிலை இரத்தம்…"

"பீற்றூட்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மாமி யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து முடித்ததும், குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"தம்பி, ஒருநாளும் மச்சம் சாப்பிடாத பிள்ளைக்கு, வாயிலை வைச்ச உடனை இறைச்சி எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

பத்திரிகைத் துறையில் இதுவரை நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான்.

கயிறு, கத்தி, காகம் என்று ஏதோ சொன்னேன். அவை நாக்கில் எப்படி ருசித்தன என்று மாமா கேட்டார். அவர்கள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இறைச்சியின் ருசி தெரிந்த ஒருவன் சைவம் என்று சொல்லி வீட்டுக்குள் வந்திருக்கிறான். அவர்கள் கேட்ட ஒரே ஒரு விடயத்தில் பொய் சொல்லியிருக்கிறான். மாமா கூரையைப் பார்த்தார். மாமி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டார். எழுத்து நாள் அந்தக் கைப்பையோடு சேர்ந்து எழும்புவதை நான் பார்த்தேன். அத்தான் வாசலில் நின்று, எனக்காக ஒரு சொல் சொல்ல வாயெடுத்து, தானும் குற்றவாளி என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

கௌரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கில் எங்கே பிழை என்று தேடுகிற பார்வை. பிறகு டொக்டரின் பக்கம் திரும்பினார்.

"டொக்டர், நீங்கள் மச்சம் சாப்பிடுறனீங்களோ?"

"வெள்ளிக்கிழமை தவிர."

"அப்ப நீங்களே கேளுங்கோ, அது எப்பிடி ருசிச்சது எண்டு."

டொக்டர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். "சொல்லும் பாப்பம்."

நான் உண்மையைச் சொன்னேன். வேறு எதுவும் மிச்சம் இருக்கவில்லை. "பஞ்சு மாதிரி மெதுவாய் இருந்தது. கடிச்சால் தண்ணி வரும். எலும்பு இல்லை, கொழுப்பு இல்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவு. கொஞ்சம் முருங்கையிலை மணத்தது."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவமதிக்கப்பட்டது அவர்தான் என்பதுபோல முகம் இருந்தது.

"அம்மா, நான் சின்னனிலை இருந்து கிடாய் இறைச்சி சாப்பிடுறனான். இந்தப் பெடியன் அதைக் கிட்டவும் கண்டிருக்க மாட்டார். வாயிலை வைச்சிருந்தால் இப்பிடி ஒரு பொய் வாயிலை வராது. நம்பிப் பிள்ளையைக் குடுங்கோ."

மாமி சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்தார். தோள் குலுங்கியது. மாமா இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் மீசைக்குக் கீழே ஏதோ நடந்துகொண்டிருந்தது. கைப்பை மேசைக்குத் திரும்பி வந்தது. டொக்டர் காசு வாங்கவில்லை. தன் தொழிலில் சைவத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது இதுதான் முதல் தரம் என்றார்.

திரும்பி வந்தபோது ராசன் அடுத்த வளவிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து விறாந்தையில் நின்றான். எங்கள் ஞாயிறு இதழில் ஏறக்குறைய முழுவதையும் முடித்துவிட்டு, என் கட்டுரை வந்த பக்கத்தில் இருந்தான். என்னைக் கண்டு, மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினான். பிறகு தொடர்ந்தான்.

எனக்குப் பசித்தது. மாமி, அதே மண்சட்டியில் மிச்சம் இருந்த அதே கறியைச் சூடாக்கி, பாணோடு கொண்டுவந்தார். சாப்பிட்டேன். நல்ல காரம், நல்ல சரக்கு, அவரைக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மெல்லிய மணம். ஆட்டு வாடையைத் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. மத்தியானம் அந்தத் துண்டுக்குள் ஓர் ஆடு முழுவதாக நின்றது. நாலு மணிக்கு அது போன இடம் தெரியவில்லை. தலைப்பை முதலில் எழுதிவிட்டு அதற்குச் செய்தி தேடிப் போகும் நிருபர்களைப் பற்றி நான் ஆசிரியபீடத்தில் நிறையக் கதைத்திருக்கிறேன். என் நாக்கு அவர்களில் ஒன்று என்பது அன்றுதான் தெரிந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த கௌரி சற்று நின்றார்.

"பன்ரெண்டு மணிக்கு முருங்கையிலை நிண்ட ஆடு ஒரு மணிக்கு இலையிலை கறியாய் வாறதெண்டால், உரிக்க எவ்வளவு நேரம், அவிய எவ்வளவு நேரம்? கணக்குப் பாக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

"அதுவும் மரக்கறிக் கத்தியாலை."

"இல்லை."

"செருப்பையும் இண்டைக்குப் பாக்கேல்லை" என்றார்.

குனிந்து பார்த்தேன். இந்த முறை இரண்டும் ஒரே விதம். இரண்டும் மாமாவுடையவை.

எழுத்து குறித்த நாளில் நடந்தது. சதா அண்ணை வந்திருந்தார்; உறுதிப்படுத்தாத செய்தியைத் தன்னிடம் வாங்கிப் போட்டது என் பிழை என்று என் மாமாவிடமே விளக்கினார். அத்தானின் களவு பிடிபட்டு, இப்போது அக்கா வீட்டில் பகிரங்கமாகவே சோயா மீற் சமைக்கிறார்கள். அம்மா வரும் நாளில் மட்டும் அதற்குப் பெயர் "அந்தக் கறி". எங்கள் இரண்டு குடும்பங்களிலும் யாராவது காரணமில்லாமல் ஒன்றை முடிவுகட்டினால், ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "கிடாயைப் போய்ப் பாத்தனியோ?" என் மகள் இதைப் பள்ளிக்கூடத்தில் தன் ரீச்சரிடம் கேட்டு, நாங்கள் போய் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

ராசன் முதுமையில், படுத்த இடத்தில், தூக்கத்தில் செத்தான். மாமா அவனை முருங்கைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்.

இன்றைக்கும் நாங்கள் கரவெட்டிக்குச் சாப்பிடப் போனால், இலை போடுவதற்கு முன்னால் மாமி முற்றத்துக்கு இறங்கி, கிடாயைப் பிடித்து வந்து, நான் இருக்கிற இடத்திலிருந்து தெரியும்படி முருங்கையில் கட்டுவார். நான் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சோறு வரும். இப்போது கட்டுவது மூன்றாவது கிடாய்.